ஊடலின்றிக் கூடலா?

கதை எழுதுவார் கையில் தேய்ந்து மெலிந்துபோன கதைக்கருக்களுள் ஒன்று, பிரிந்துபோன காதலர் மீண்டும் கூடுவது. ஆறாண்டோ எட்டாண்டோ கழிந்தபின், ஒரு மழைநாளில், பேருந்து நிலையத்தில் அவனும் அவளும் எதிர்ப்படுகின்றனர். அவன் கண்கள் கலங்குகின்றன. அவள் குடை கைநழுவி விழுகின்றது. அடுத்த பத்தியில் அவள் அவன் தோளில் சாய்ந்திருக்கின்றாள். கதை முடிந்தது, இதழின் கடைசிப் பக்கமும் நிறைந்தது. ஏன் பிரிந்தான், இத்தனை ஆண்டும் எங்கிருந்தான், இப்பொழுது எந்த முகத்தோடு வந்தான் என்று அவளும் கேட்பதில்லை, எழுதியவரும் கேட்பதில்லை, படிப்பவரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மழை!

இக்கதைக்கருவை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. மாந்த வாழ்வில் பிரிவும் உண்டு, மீட்சியும் உண்டு. பிரிந்தவர் கூடுவதைக் கண்டு மகிழாத நெஞ்சம் நெஞ்சமன்று. அவ்வாறு கூடுவதை எழுதுவது தாழ்ந்த எழுத்தும் அன்று. நாம் கூறவிரும்புவது ஒன்றே. கூடலுக்கு முன் ஊடல் வேண்டும். பிரிந்து போனவர், தாம் செய்ததை அறிதல் வேண்டும். அறிந்ததை வாய்விட்டுக் கூறுதல் வேண்டும். கேட்கப்படுவனவற்றிற்கு விடையிறுத்தல் வேண்டும். ஏற்கவும் படலாம், மறுக்கவும் படலாம் என்னும் நிலையில் வாயிலில் நிற்றல் வேண்டும். அந்நிற்றலை எழுதாது விட்ட கதை, கூடலை எழுதிய கதையாகாது. அது வெறும் எதிர்ப்பாட்டை எழுதிய கதை.

‘கதைதானே, இதற்கு இத்துணைப் பேச்சா?’ என்று வினவுவார் இருக்கலாம். அவர்க்காக ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் வேண்டும்.

கல்லூரியிற் பயிலும் மாணவியொருவர் தாம் எழுதிய சிறுகதையொன்றைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொணர்ந்தார். நல்ல நடை. பிழையற்ற தமிழ். கதையோ மேற்சொன்ன பேருந்து நிலையமும் மழையுமே. “அவன் திரும்பி வந்து என்ன சொன்னான், அம்மா?” என்று கேட்டேன். “ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. அவன் கண்ணீரைக் கண்டே அவளுக்கு விளங்கிவிட்டது” என்றார். “அவளுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லையே” என்றேன். அவர் சற்று நேரம் வாய்திறவாதிருந்தார். பிறகு, கதைக்குத் தொடர்பில்லாததுபோல் ஒன்றைக் கூறினார். அவர் தமக்கை, காதலித்து மணந்தவனால் கைவிடப்பட்டு, கைக்குழந்தையுடன் தாய்வீட்டிற்கு வந்து நான்காண்டுகள் ஆயினவாம். தையல் தைத்துப் பிழைத்து வருகின்றாராம். இப்பொழுது அவன் திரும்பவும் ஆள் விடுகின்றானாம். ஊரும் உறவும் ஒரே குரலில், ‘அவனே இறங்கி வந்துவிட்டான், நீ போய்ச் சேர்ந்துவிடு’ என்று நாள்தோறும் தமக்கையை நெருக்குகின்றனவாம். “அக்கா ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறார், ஐயா. ஏன் போனீர் என்று அவரைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்கிறார். அதைக் கேட்கக்கூடாது, கேட்டால் மறுபடியும் போய்விடுவார் என்கிறார்கள்” என்றார்.

அன்பர்களே! அம் மாணவியின் கதையில் வந்த பெண் ஏன் கேட்கவில்லை என்பது அப்பொழுதே எனக்கு விளங்கிற்று. கேட்கக் கூடாதென்று வீடு கற்பித்தது. அதையே கதைகளும் கற்பித்தன. ‘சேர்த்து வைத்தல்’ என்னும் நம்மூர் வழக்கத்திற்கு, நம் தொடர்கதைகளும் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் நாள்தோறும் சான்று கூறிக்கொண்டிருக்கின்றன. எனவேதான் இது வெறுங் கதைப்பேச்சு அன்று என்கின்றோம்.

இனி, நம் முன்னோர் இதனை எவ்வாறு எழுதினர் எனக் காண்போம்.

திருக்குறட் காமத்துப்பாலில் கற்பியல் பதினெட்டு அதிகாரங்கள் உடையது. பிரிவாற்றாமையில் தொடங்கி அவர்வயின் விதும்பல் ஈறாகப் பன்னிரண்டு அதிகாரங்கள் பிரிவையே பேசுகின்றன. பின்னர்க் குறிப்பறிவுறுத்தலும் புணர்ச்சி விதும்பலும் ஆகிய இரண்டு. அவற்றின்பின் நெஞ்சொடு புலத்தல், புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என நான்கு அதிகாரங்கள், அஃதாவது நாற்பது குறள்கள், ஊடலுக்கென்றே அமைந்துள்ளன. இவ்வடைவை எண்ணிப் பாருங்கள். நூல் முழுமையும் முடிவது கூடலில் அன்று, ஊடலின் உவகையில்! ஒன்றேமுக்கால் அடிக்குமேல் ஒரு சீரும் மிகையாக எழுதாத திருவள்ளுவர், பிரிந்து மீண்டார் இருவர்க்கிடையே நிகழும் ஊடலுக்கு நாற்பது குறள்களை ஒதுக்கினாரெனின், அது வீண் செலவாகுமா?

அந்நான்கனுள் முதலாவதாகிய நெஞ்சொடு புலத்தலைக் கதை எழுதுவார் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அமர்ந்து பயிலுதல் வேண்டும். அவன் நெஞ்சு அவனுக்கே துணையாக நிற்கின்றது. என் நெஞ்சு மட்டும் எனக்குத் துணை நில்லாமல் அவன்பின் ஓடுவதேன் என்று தலைவி தன் நெஞ்சையே கடிந்துகொள்கின்றாள். அவனை ஏற்கத் துடிக்கும் உள்ளமும், ஏற்பதற்கு நாணும் அறிவும் ஒருத்தியினுள்ளேயே இருவேறாய் நின்று வழக்காடுகின்றன. இக்காலத்தார் மழையையும் குடையையும் வைத்து மூடும் இடம் இதுதான். வள்ளுவரோ அவ்விடத்தைத் திறந்து வைத்து விளக்கேற்றுகின்றார்.

ஊடற்கு அளவும் கூறுகின்றார் அவர். உணவில் உப்பைப் போன்றது அது. சிறிது மிகினும் சுவை கெடும் என்கின்றார். புலவியும் ஊடலும் முற்றினால் துனி என்னும் நிலை வரும். சிறு குறையால் விளைந்த புலவி ஒரு சொல்லால் தீரும். துனியோ எளிதில் தீராது. கதை எழுதுவோர்க்கு இவ்வேறுபாடு தெரிதல் வேண்டும். மடலுக்கு மறுமொழி எழுதாதவனும், கருவுற்ற மனைவியைக் கைவிட்டுப் போனவனும் ஒரே துளிக் கண்ணீரில் தூய்மையாகிவிடுவரெனின், அக்கதையில் அளவுகோல் இல்லை என்பது பொருள்.

பிரிவுக்கும் நம் இலக்கணத்தார் கரணியங்களை வகுத்தே வைத்தனர். ஓதல், காவல், தூது, துணை, பொருள், பரத்தை எனப் பிரிவு அறுவகைப்படும். முன்னைய ஐந்தும் கடமை கருதியவை, இறுதியது தவறு. கடமையாற் பிரிந்தவன் தேர் திரும்பும் ஒலிக்குக் காத்திருப்பது முல்லை. தவறாற் பிரிந்தவன் வந்து நிற்க, வாயில் அடைபடுவது மருதம். ‘வாயில் மறுத்தல்’ என்றொரு துறையே உண்டு. பாணனைத் தூது விட்டாலும், தோழி வாயிலில் நின்று ‘உள்ளே வாராதே’ என்கின்றாள். மருதப் பாக்கள் பலவற்றில் தலைவி முடிவில் அவனை ஏற்றுக்கொள்கின்றாள் என்பது உண்மையே. பரத்தையிற் பிரிவை அக்காலக் குமுகாயம் பொறுத்துக்கொண்டதும் உண்மையே. அதனை இன்றைக்கு அறமெனக் காட்டுதல் ஆகாது. ஆயினும், அக்குமுகாயத்திற்கூட அவள் கேளாது ஏற்றதாக எழுதுவதைப் புலவர் நாணினர். இருபத்தோராம் நூற்றாண்டில் எழுதும் நாமோ நாணவில்லை.

சிலப்பதிகாரத்தைக் காண்போம். கோவலன் மாதவியை விட்டுக் கண்ணகியிடம் மீள்வது ஒன்பதாவதாகிய கனாத்திறம் உரைத்த காதையில். அங்கு அவன் கூறுவது யாது? வஞ்சமுடைய ஒருத்தியோடு கூடி முன்னோர் தேடிய பெரும்பொருளைத் தொலைத்தேன். இவ்வறுமை எனக்கு நாணமாயிருக்கின்றது என்கின்றான். பழி மாதவிமேல்; நாணம் பொருளிழந்தமைக்கு. கண்ணகிக்குத் தான் செய்த கொடுமையைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை! அவளோ நகைமுகங் காட்டிச் சிலம்பு உள்ளது, கொள்க என்கின்றாள். இக்காலத் தொடர்கதையாளர் அங்கேயே ‘முற்றும்’ என்று போட்டிருப்பார்.

இளங்கோவடிகள் அவ்வாறு செய்யவில்லை. பதின்மூன்றாவதாகிய புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவி விடுத்த மடலைக் கண்டு, அவள்மேல் தீதில்லை, தீது தன்னுடையதே என்று கோவலன் உணர்கின்றான். அதன்பின் பதினாறாவதாகிய கொலைக்களக் காதையில்தான், மாதரியின் மனையில் கண்ணகி ஆக்கி இட்ட உணவை உண்டபின், அவன் வாய் திறக்கின்றான். பயனிலார் கூட்டத்தில் திரிந்ததையும், பெற்றோர்க்குச் செய்ய வேண்டுவன செய்யாது இழந்ததையும், அவளுக்குச் செய்த சிறுமையையும் தன் வாயாற் கூறி, எழுக என்றதும் எழுந்து வந்தாயே, என் செய்தாய் எனக் கலங்குகின்றான். அப்பொழுதுதான் கண்ணகியும் பேசுகின்றாள். இல்லறத்தின் கடமைகளை ஆற்றமாட்டாது தான் தனித்திருந்ததையும், அவன் பெற்றோர் முன் தன் துயரை மறைத்துப் பொய்ச்சிரிப்புச் சிரித்ததையும், அச்சிரிப்பே அவர்களை வருத்தியதையும் சொல்லி, நீர் செய்தது உயர்ந்தோர் விரும்பாத செயல் என்று முகத்துக்கு நேரே உரைத்துவிடுகின்றாள். சினமில்லை, கூச்சலில்லை, ஆயினும் உண்மை முழுமையும் அச்சொல்லில் உள்ளது.

ஒன்பதில் பிறர்மேற் பழி. பதின்மூன்றில் தன்மேல் உணர்வு. பதினாறில் ஒப்புக்கொள்ளலும் கேட்டலும். அவன் உடலால் மீண்டது ஒன்பதாங் காதையில். கணவனாய் மீண்டது பதினாறாங் காதையில். அதன்பின் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரைக் கடைத்தெருவிற்குப் போகின்றான், திரும்பவில்லை. அவ்வொரு நாள் உரையாடல் இல்லையாயின், அவன் சாவுக்குக் கண்ணகி கொண்ட சினம் நமக்கு இத்துணைப் பெரிதாய்த் தோன்றியிருக்குமா? கூடல் உண்மையாயிருந்ததனாலன்றோ இழப்பும் உண்மையாயிற்று!

அயல்மொழியிலும் சிறந்தார் இதனை அறிந்தே எழுதினர். ஆங்கில நாட்டுச் சேன் ஆசுட்டின் தம் இறுதிக்காலத்தில் எழுதி முடித்த ‘பெர்சுவேசன்’ என்னும் புதினம், பிரிந்த காதலர் மீண்டும் கூடும் கதையே. பிறரை வற்புறுத்தி இணங்கச் செய்தல் என்பது அப்பெயரின் பொருள். பெரியோர் சொற்கேட்டு வெண்ட்டுவொர்த்து என்பானை மறுத்துவிட்ட ஆன் எலியட்டு என்பாள், எட்டாண்டு கழித்து அவனை மீண்டும் காண்கின்றாள். இங்குப் பிரிந்தவள் அவள், நொந்தவன் அவன். ஆசுட்டின் இதனை 1816ஆம் ஆண்டு சூலைத் திங்களில் எழுதி முடித்தார். முதலில் எழுதிய முடிவின்படி, அவன் உறவினர் ஒருவர் வேறொரு செய்தியைக் கேட்டுவரச் சொல்லி அவனை அவள்முன் அனுப்ப, அதன்வழி இருவரும் கூடிவிடுகின்றனர். ஆசிரியர்க்கு அது நிறைவளிக்கவில்லை. மூன்று கிழமைக்குள் அம்முடிவை நீக்கிவிட்டு வேறு எழுதினார்.

புதிய முடிவில் ஆன் எலியட்டு, வேறொருவரோடு நிகழ்த்தும் உரையாடலில், ஆணோ பெண்ணோ யார் அன்பு நெடுங்காலம் நிலைப்பது என்பதுபற்றித் தன் உள்ளத்தைத் திறந்து பேசுகின்றாள். அவ்வறையிலேயே அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த அவன் அதனைக் கேட்கின்றான். கேட்டதும், தான் அவளிடம் முறையின்றிச் சினங்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டு, விடையை அவள் கையில் விட்டு, ஒரு மடல் எழுதி வைத்துவிட்டுப் போகின்றான். முதல் முடிவில் அவர்களைக் கூட்டியது பிறர் ஏவிய வேலை. இரண்டாவதில் கூட்டியது அவள் சொல்லும் அவன் ஒப்புதலும். நீக்கப்பட்ட தாள்கள் இன்றும் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. ஆசுட்டின் 1817 சூலையில் மறைந்தார். நூல் அவ்வாண்டிறுதியில் வெளிவந்தது. நோயுற்ற நிலையிலும் ஓர் எழுத்தாளர் தாம் முடித்த முடிவைக் கிழித்தெறிந்து மீண்டும் எழுதினாரெனின், எளிதாய்க் கூட்டிவைப்பது தவறு என்பதை அவர் கை உணர்ந்தமையே கரணியம்.

இனி, நாம் முதலிற் கூறிய ‘சேர்த்து வைத்தல்’ பற்றி. நம் புலவரும் சேர்த்து வைக்க முயன்றனர். மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை யாவரும் அறிவர். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்ததையும் அறிதல் வேண்டும். புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாட்டுகளும் அதுபற்றியனவே. பாடியவர் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர். பரணர் பாடியவை இரண்டு. அகப்பாட்டில் தலைமக்களின் பெயர் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. இங்கோ தவறு செய்தவன் பெயர் ஊரறியக் கூறப்பட்டது. எனவே புறத்தில் வைத்தனர். பெருந்திணை என்றும் அதற்குப் பெயரிட்டனர்.

அந்நால்வரும் யாரிடம் சென்றனர் என்பதே நாம் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி. ‘பொறுத்துக்கொள், அம்மா’ என்று சொல்லக் கண்ணகியிடம் எவரும் செல்லவில்லை. அவன் வாயிலுக்கே சென்றனர். அவன் கொடையால் வாழ்ந்தவர்கள், அவன் முகத்துக்கு நேரே அவனைக் கடிந்தனர். நின் ஊரில் ஒருத்தி குழல் ஏங்குவதுபோல் விம்மி அழுதாள், அவள் யார் என்று வினவினார் கபிலர். யாம் பசித்து வரவில்லை. நீ இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்றார் பரணர். பொன்னும் அணியும் வேண்டா, பூவின்றிக் கிடக்கும் அவள் கூந்தலில் பூச்சூட நின் குதிரைகளைப் பூட்டு என்னும் கருத்துப்படப் பாடினார் அரிசில்கிழார். பரிசிலர் பரிசில் மறுப்பது எளிதா? வயிற்றைக் கட்டிக்கொண்டு வாய் திறந்தனர் அவர்கள்!

பேகன் மீண்டானா? அவ்வைந்து பாட்டுகளுள் ஒன்றும் அதனைக் கூறவில்லை. அவள் ஏற்றாளா என்பதையும் கூறவில்லை. கூறாததே அவற்றின் பெருமை. மீள்வது அவன் கடமை என்பதை உரக்கக் கூறினர். ஏற்பது அவள் கடமை என்று எவரும் கூறவில்லை.

இன்று நிலைமை தலைகீழாயுள்ளது. ஊரும் உறவும் அவளிடமே செல்கின்றன. சட்டமும் அதற்கு ஒரு வழி வைத்துள்ளது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தக்க கரணியமின்றிப் பிரிந்து வாழும் துணையை மீண்டும் சேர்ந்து வாழுமாறு ஆணையிடக் கோரும் உரிமையை வழங்குகின்றது. 1983இல் ஆந்திர உயர்வழக்குமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. 1984இல் உச்சவழக்குமன்றம் செல்லும் என்றது. ஆணைத் தாளினால் ஒரு வீட்டில் இருவரை இருத்தலாம், கூட்டிவைத்தல் இயலுமா? அன்பு ஆணைக்கு வருவதன்று.

ஆகவே, இக்கதைக்கருவை எடுத்தாளும் இளைய எழுத்தாளர்க்குச் சில சொற்கள். பிரிவுக்குத் தக்க கரணியம் காட்டுங்கள். கைமாறிப் போன மடலும், ஒட்டுக் கேட்ட அரைச்சொல்லும் இனி உதவமாட்டா. கைப்பேசி வந்தபின் அவை செத்துவிட்டன. சாதி பிரித்ததா, வறுமை பிரித்ததா, அச்சமா, தன்னலமா? உள்ளதைச் சொல்லுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளை வெற்றிடமாக விடாதீர்கள். அவ்வாண்டுகளில் அவள் உண்டாள், உழைத்தாள், குழந்தையை வளர்த்தாள், சில நாள்களில் அவனை மறந்தும் இருந்தாள். திரும்பி வருபவன் பழைய பெண்ணிடம் வருவதில்லை. அவ்வாண்டுகள் ஆக்கிய புதிய பெண்ணிடம் வருகின்றான். அவளை அவன் அறியான். அறிந்துகொள்ள அவனுக்குக் காலம் கொடுங்கள். பிறகு அவளைக் கேட்கவிடுங்கள். அவனை விடை கூறவிடுங்கள். கண்ணீர் விடையன்று. இறுதியாக, அவள் மறுக்கவும் கூடும் என்னும் உண்மையான ஐயம் கதைமுடிவு வரையில் இருக்கட்டும். மறுக்க இயலாதவள் ஏற்பது ஏற்பாகாது.

ஊடல் தமிழ்ச்சொல். பிணக்கு, சண்டை, பகை என்னும் எதுவும் அதற்கு ஈடாகாது. அன்பும் உரிமையும் உள்ளவிடத்தில் மட்டும் எழுவது அது. கேட்பதற்கு எனக்கு உரிமையுண்டு, விடைகூற உனக்குக் கடமையுண்டு, இன்னும் நம்மிடையே அன்புண்டு என்னும் மூன்றையும் ஒருசேரக் கூறும் சொல் அது. அச்சொல்லை அகரமுதலியில் மட்டும் வைத்துவிட்டுக் கதையிலும் வாழ்விலும் இழந்துவிடுவோமாயின், இழப்பு மொழிக்கு மட்டுமன்று.

அம் மாணவி தம் கதையைத் திருத்தி எழுதிக் கொணர்ந்தார். மழை இல்லை; பேருந்து நிலையமும் இல்லை. தையற்பொறியின் முன் ஒருத்தி அமர்ந்திருக்கின்றாள். வாயிலில் ஒருவன் நிற்கின்றான். “ஏன் போனீர்?” என்று அவள் கேட்கின்றாள். அவன் எதையோ கூறத் தொடங்கி நிறுத்திக்கொள்கின்றான். “தெரிந்தபின் வந்து சொல்லுங்கள்” என்று கூறிவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்குகின்றாள். கதை அவ்வளவே. அவன் மீண்டும் வருவானா என்பது எழுதப்படவில்லை. நான் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. அதனைத் தமக்கையிடம் படித்துக் காட்டுமாறு மட்டும் சொல்லி அனுப்பினேன்.